ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?

18 வயது நிறைந்து, லைசென்ஸும் கையில் இருந்தால் மகனோ மகளோ பைக் ஓட்டுவதைத் தடுக்கப் பெற்றோருக்குச் சட்டத்தில் இடமில்லை. "பார்த்துப் போப்பா" என்று வாசலில் நின்று சொல்லலாம், அவ்வளவுதான். பயம் வீண் பயமும் அல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்.

பெற்றோர் கையில் உள்ள ஒரு காரியம் மட்டும் பல வீடுகளில் அப்படியே கிடக்கிறது. கல்லூரிக் காலத்தில் வாங்கிய வண்டி. பையனுக்குச் சம்பளம் இல்லாததால் கடனும் ஆர்.சி.யும் அப்பா பெயரில். இன்று அவன் வேலைக்குப் போகிறான், பெட்ரோலும் அவனே போடுகிறான். பேப்பர் மட்டும் மாறவில்லை.

கட்டாயத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எதிராளிக்கானது. மணலில் சறுக்கித் தானே விழுந்தவருக்கு அதில் ஒரு பைசா வராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. ஆனால் அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு ஓட்டினால்தான். பெற்ற மகனே ஓட்டினாலும் சட்டத்தின் கண்ணில் அது இரவல் வண்டி. இரவல் பைக்கில் போய் மாட்டுவண்டியில் மோதி இறந்த ஒருவரின் வழக்கில் (நிங்கம்மா வழக்கு, 2009), ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்றது உச்ச நீதிமன்றம். யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்கும் வழி அந்தக் குடும்பத்துக்கு அடைபட்டது.

இன்னொரு பக்கமும் உண்டு. மகன் யார் மேலாவது மோதி, அவன் லைசென்ஸ் அப்போது காலாவதியாகியிருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த தொகையை உரிமையாளரான அப்பாவிடமே திரும்ப வசூலிக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம்.

எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றுங்கள், பாலிசியையும் மாற்றுங்கள். ஆன்லைனில் புதுப்பிக்கும்போது, 'வேறு பாலிசி இருக்கிறது' என்று டிக் அடித்து, அந்த 15 லட்சக் காப்பீட்டைத் தவிர்த்துச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. உண்மையில் வேறு பாலிசி இல்லையென்றால் இதைவிட மோசமான சிக்கனம் கிடையாது. பெயர் மாற்ற மனமில்லையா, மகன் பெயரில் தனி விபத்து பாலிசி எடுங்கள். பின்னால் உட்காரும் நண்பருக்கும் வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி உதவாது, ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டும். ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும், நாடாவை மாட்டச் சொல்லுங்கள்.

விபத்தே நடந்துவிட்டால் 108. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. தூக்கிவந்து சேர்த்தவரின் பெயர், முகவரியைக் கட்டாயப்படுத்திக் கேட்கப் போலீசுக்கு அதிகாரம் இல்லை. எதிர் வண்டியின் மேல் தவறு என்றால், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப்போடச் சட்டம் வைத்த கெடு ஆறு மாதம். விபத்து எங்கே நடந்தாலும் பெற்றோர் தாங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே போடலாம். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டாலும் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் அரசுத் திட்டத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகல், ஸ்டேஷனில் "நாங்களே பேசித் தீர்த்துக்கிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.