ஜப்பானில் நின்று குடிக்கும் கடைகள்

ஜப்பானிய மொழியில் 'தாச்சிநோமி' என்றொரு சொல் வழங்குகிறது. 'தாச்சி' என்பது நிற்றலையும் 'நோமி' என்பது குடித்தலையும் குறிக்கும். 'நின்று குடித்தல்' என்று தமிழில் சொற்கள் எந்த முறையில் நிற்கின்றனவோ அதே முறையில் நிற்கும் தொடர் இது. நாற்காலி இல்லாத மதுக்கடைக்கும் இதுவே பெயர்.

இத்தகைய கடைகளைக் காண்போர், வசதி குறைந்தோர்க்காக இருக்கைகளை நீக்கிவிட்டனர் என்றே முதலில் எண்ணுவர். சொற்களின் வரலாறோ வேறு கதை கூறுகிறது. அமர்ந்து உண்டு குடிக்கும் கடையை ஜப்பானியர் 'இசக்காயா' என்பர். 'சக்காயா' என்பது மது விற்கும் கடை. அதன் முன் நிற்கும் 'இ' தங்கியிருத்தலைச் சுட்டுவது. தங்கியிருத்தலைத் தனியே சுட்ட வேண்டி வந்தது ஏன்? மதுக்கடை என்பது முதலில் அளந்து வாங்கிச் செல்லும் இடமாக மட்டுமே இருந்தது என்பதனால் அன்றோ!

தோக்கியோவின் பழம்பெயர் எடோ. அங்கே தனியராய் வாழ்ந்த ஆடவர் மிகுதி. வேலை தேடி வந்த தச்சரும் கூலியாட்களும், தம் பிரபுக்களுடன் வந்து தங்கிய படைவீரரும் அவர்களுள் அடங்குவர். வீட்டில் துணையில்லாதவர் வாங்கிய மதுவைக் கடையிலேயே பருகத் தலைப்பட்டனர். 1596இல் தொடங்கிய தொஷிமாயா என்னும் கடை, புளித்த சோயா விழுது தடவிச் சுட்ட டோஃபுத் துண்டுகளையும் மதுவுடன் விற்றுப் புகழ் பெற்றது. மதுவை அடக்கவிலைக்கே கொடுத்து, காலிப் பீப்பாய்களை விற்று அது ஊதியம் கண்டதாகவும் கூறுவர்.

பழைய வழக்கத்தின் எச்சத்தை இன்றும் கித்தாக்கியூஷு நகரில் காணலாம். சில்லறை மதுக்கடையின் ஓரத்தில் நின்று குடிப்பதை அங்கே 'கக்கு-உச்சி' என்பர். 'கக்கு' மூலை, 'உச்சி' அடித்தல். 'மசு' என்னும் சதுர மரப்பெட்டியால் மதுவை அளப்பர். சிறிய மசு ஏறத்தாழ 180 மில்லிலிட்டர் கொள்ளும். அதன் மூலையில் வாய் வைத்துக் குடித்ததால் இப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார்; கடையின் மூலையில் நின்று குடித்ததால் வந்தது என்பர் மற்றொரு சாரார். அந்நகரின் யாஹாத்தா பகுதியில் 1901இல் அரசாங்க எஃகு ஆலை இயங்கத் தொடங்கியது. இரவு முறை முடித்து வெளிவந்த தொழிலாளிக்குக் காலைப் பொழுதே மாலைப் பொழுது. ஆகவே காலையிலும் இக்கடைகளில் கூட்டம் நின்றது. இவை உணவுக்கடை உரிமம் பெறாத சில்லறைக் கடைகளாதலின், சமைத்த பண்டம் பெரும்பாலும் கிடைக்காது. உலர்ந்த கணவாய், நிலக்கடலை, டப்பாவில் அடைத்த மீன் ஆகியவையே துணைத் தீனி.

விலை குறைவாயிருப்பதில் மாயம் ஏதுமில்லை. இருக்கை இல்லையெனில் சிறு இடத்தில் பலர் நிற்கலாம். நிற்பவர் நெடுநேரம் தங்கார். ஒருவர் விலகிய இடத்தில் மற்றொருவர் வந்து நிற்பார். வாடகைச் சுமை அத்தனை பேர்மீதும் பரவிவிடுகிறது. பல கடைகளில் வாடிக்கையாளர் தம் பணத்தை முன்னுள்ள சிறு தட்டில் வைத்துவிடுவர். ஒவ்வொரு குவளைக்கும் உரிய காசைப் பணியாள் அதிலிருந்து எடுத்துக்கொள்வார். தட்டு காலியானதும் குடியும் முடியும். கடன் கணக்கெழுதிச் சம்பள நாளில் தீர்க்கும் வழக்கம் குடும்பங்களை என்ன செய்யும் என்பதைத் தோட்டப்புறங்களில் கண்டவர், இத்தட்டின் அருமையை எளிதில் உணர்வர்.

கூட்டம் மிகுந்தால் அனைவரும் ஒரு தோளை முன்னிட்டுச் சாய்வாக நின்று புதியவர்க்கு இடம் தருவர். 1951இல் தோன்றிய 'டார்க் டக்ஸ்' என்னும் நால்வர் பாடகர் குழு மேடையில் அவ்வாறு நின்றதால், அக்குழுவின் பெயரே இந்நிலைக்கும் வழங்கலாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் ஒரு சொல்லே காட்டிவிடுகிறது. 'சென்' என்றால் ஆயிரம். 'பெரோபெரோ' என்பது நம் இரட்டைக்கிளவியை ஒத்த சொல், போதையில் நிலை தடுமாறுவதைக் குறிப்பது. இரண்டையும் சுருக்கிச் 'சென்பெரோ' என்றனர். ஆயிரம் யென்னில் மயங்கலாம் என்பது கருத்து. நாகஜிமா ராமோ என்ற எழுத்தாளரின் நூலொன்றால் 2003 முதல் இது பரவியது. மலிவு, அளவோடு நிற்பவருக்கும் உதவுகிறது. அளவு கடப்பவருக்கும் உதவுகிறது. தட்டில் எவ்வளவு வைப்பது என்பதைக் கடைக்காரர் தீர்மானிப்பதில்லை.

2000க்குப் பின் பெருநகரங்களில் புதிய தாச்சிநோமிக் கடைகள் பெருகின, பெண்களும் வருகின்றனர். பழைய கக்கு-உச்சிக் கடைகளின் நிலை அவ்வாறில்லை. மது விற்பனை உரிமத்திற்கான கட்டுப்பாடுகள் அதே காலத்தில் தளர்ந்தன. பேரங்காடிகளில் மது மலிவாகக் கிடைக்கவே, தெருவோர மதுக்கடைகள் பல மூடப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை குடும்பத்தார் நடத்தியவை. பிள்ளைகள் அத்தொழிலை ஏற்க முன்வராததும் ஒரு காரணம்.