திடல் எனும் திறந்த பள்ளி



பள்ளிக்கூடம் என்றதும் நம் நினைவில் எழுவன கரும்பலகையும் பாடநூலும் மணியோசையுமே. ஆயினும், தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மற்றுமொரு பள்ளி இருந்தது. அதற்குச் சுவரில்லை, கூரையில்லை, ஆசிரியரும் இல்லை. அதுதான் தோட்டத்துத் திடல். அது நமக்குக் கற்பித்தவை யாவை, நம் பிள்ளைகளுக்கு அஃது ஏன் வேண்டும் என்பனவற்றை இங்கு விளக்க விழைகின்றோம்.

1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி அது. நாம் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், லயத்து வீடுகளுக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் இடையே திடல் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற பெற்றோர், பால் வெட்டி, வாளி சுமந்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் நண்பகல் கடந்துவிடும். மாலை வெயில் தணிந்ததும் திடலில் ஆரவாரம் தொடங்கும். ஒருபுறம் பந்து, மறுபுறம் சடுகுடு, ஓரத்து மரநிழலில் சிறுமியர் ஐந்து கல் ஆடுவர். மலாய் நண்பர்கள் 'பத்து செரம்பான்' என்று அழைப்பதும் இவ்விளையாட்டையே.

கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருள் எம்மிடம் இல்லை. ரப்பர் மரமே அதனைத் தந்தது. முற்றிய காயின் ஓடு காய்ந்து சுருங்கும்போது, 'டப்' என்ற ஓசையுடன் பிளந்து விதைகளைத் தொலைவில் எறியும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று விதைகள் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு விதைகளை வைத்துக் கையால் ஓங்கி அடிப்போம். உடையாத விதைக்கு உரியவரே வென்றவர். விதையைச் சிமெந்துத் தரையில் தேய்த்துத் தோழனின் கையில் வைத்து அலறவும் செய்வோம். உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்று அறிவியல் நூலில் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நம் தோல் அதனை அறிந்துகொண்டது! 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டனுக்கு ரப்பர் விதைகள் கொண்டு செல்லப்பட்டன. மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. நம் பெற்றோருக்குப் பிழைப்பைத் தந்த அதே விதைதான் நமக்கு விளையாட்டையும் தந்தது.

கிட்டிப்புள் ஆட்டத்தில் கணிதம் இருந்தது. புள் விழுந்த இடம்வரை உள்ள தூரத்தைக் கிட்டியைக் கொண்டே அளப்போம். ஆளுக்கொரு கிட்டி நீளத்தில் வேறுபட்டால் வழக்கு எழும். ஆகவே, இரு கட்சியாரும் ஒரே கிட்டியால் அளக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. பொது அளவுகோலின் தேவையை எம்மவர் இவ்வாறே உணர்ந்தனர்.

இவை அனைத்தினும் பெரிய பாடத்தைச் சடுகுடு கற்பித்தது. பாடிச் செல்பவர் 'சடுகுடு, சடுகுடு' என்று ஓயாது ஒலிப்பது ஏன் தெரியுமா? மூச்சை உள்ளே இழுக்கவில்லை என்பதற்கு அவ்வொலியே சான்று. மூச்சு விட்டால் ஆட்டம் இழப்பார். நமக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு மாலை, எதிர்க்கட்சிச் சிறுவன் ஒருவனைத் தொட்டுத் திரும்பும் வேளையில் முகத்தைத் தாழ்த்தி மூச்சைத் திருடிவிட்டோம். அவன் வெளியேறினான், நம் கட்சி வென்றது. எவரும் வாதிடவில்லை. மறுநாள் கட்சி பிரித்தபோது இருபுறத்தாரும் நம்மை அழைக்கவில்லை. மூன்று மாலைகள் திடலின் ஓரத்தில் தனித்து நின்றோம். நான்காம் நாள் அச்சிறுவனிடம் சென்று உண்மையைச் சொன்னோம். "சரி, வாடா" என்றான், அவ்வளவே. பிரம்படி கற்பிக்காத நேர்மையை அம்மூன்று மாலைகள் கற்பித்தன.

தாமே சட்டம் வகுத்து, தாமே அதனைக் காத்து, மீறியவரைத் திருத்தி, மீண்டும் சேர்த்துக்கொள்வது சிறுவர்க்கு எளிதில் கைவராத கல்வி. பெரியோர் ஊதும் விசிலுக்கு ஆடும்போது அது முழுமையாக வாய்ப்பதில்லை. அதற்கு இடமும் வேண்டும், நேரமும் வேண்டும்.

இடம் குறைந்துவிட்டது. ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. மக்கள் பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். நாம் ஆடிய திடலிலும் இன்று செம்பனையே நிற்கின்றது. நேரமும் குறைந்துவிட்டது. அதில் நமக்கும் பங்குண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கும் திங்கள்களில் உடற்கல்விப் பாடவேளையை எடுத்துக் கணிதத்திற்குக் கொடுத்தவர்களுள் நாமும் ஒருவர். அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. பழக்கம் மட்டும் நீங்கவில்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை நன்கு இயக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பிரத்தியேக வகுப்புக்கும் கைப்பேசிக்கும் இடையே நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே?

நல்வாய்ப்பாக, நம் பள்ளித் திடல் இன்றும் இருக்கின்றது. அடுத்த கல்வியாண்டு முதல் உடற்கல்விப் பாடவேளையை வேறு எப்பாடத்திற்கும் எடுப்பதில்லை என்று உறுதி கூறுகின்றோம். வாரத்தில் இரு மாலைகள் ஆறு மணி வரை திடலின் கதவு திறந்திருக்கும். பெற்றோர்களே, முறை வைத்து இருவர் வந்து நிழலில் அமர்ந்திருங்கள், அது போதும். பிள்ளைகள் சண்டையிட்டால் உடனே எழுந்து செல்லாதீர்கள். சற்றுப் பொறுங்கள், அவர்களே தீர்த்துக்கொள்வார்கள்.

மாணவச் செல்வங்களே! திடல் உங்களுடையது. ஓடுங்கள், ஆடுங்கள்; ஆனால், மூச்சைத் திருடாதீர்கள்!