கொழும்பில் எங்கே குடியிருப்பது?

உத்தியோக இடமாற்றம், பிள்ளைகளின் உயர்கல்வி, மகளின் விவாகம், வீட்டிலுள்ள ஒருவரின் நீண்ட சிகிச்சை என ஏதேனுமொரு காரணத்தினால், தலைமுறை தலைமுறையாக ஒரே வளவில் வாழ்ந்த குடும்பம் கொழும்புக்குப் பெயர வேண்டியதாகின்றது. செய்தி வந்த அன்று மாலையே உறவினர்க்குத் தொலைபேசி அழைப்புகள் செல்லும். எத்தனை அறை, எத்தனையாவது மாடி, மாதவாடகை என்ன, முற்பணம் எத்தனை மாதத்துக்கு என்று வீட்டைப் பற்றி நூறு கேள்வி கேட்கப்படும். அயலைப் பற்றியோ ஒரேயொரு கேள்விதான்: "அங்கே நம்மவர் இருக்கின்றார்களா?" அக்கேள்வி பிழையானதன்று. அது எங்கிருந்து பிறந்தது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். ஆயின், அவ்வொரு கேள்வியுடன் நின்றுவிடுதல் போதாது என்பதே என் கருத்து.

கொழும்பு மாநகரசபையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றரே. அச்சிறு பரப்பு 15 தபாற் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒன்று கோட்டை, நான்கு பம்பலப்பிட்டி, ஆறு வெள்ளவத்தை, ஏழு கறுவாத்தோட்டம், பதின்மூன்று கொட்டாஞ்சேனை. இவ்விலக்கங்கள் நம்மவர் பேச்சில் முகவரியாக மட்டும் நிற்கவில்லை, அந்தஸ்தாகவும் மாறிவிட்டன. ஒருவர் "ஏழில் இருக்கின்றார்" என்று சொல்லும்போது குரலிற் சேர்ந்துகொள்ளும் மரியாதையை யாவரும் அறிவர். வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதி வழியே தெற்கே நடந்தால் தெகிவளை வந்துவிடும். கடல் ஒன்றே, புகையிரதப் பாதை ஒன்றே, கோட்டைக்கும் பாணந்துறைக்கும் ஓடும் 100 ஆம் இலக்கப் பேருந்தும் ஒன்றே. வேறுபடுவது மாநகரசபை மட்டுமே. இருந்தும் "கொழும்பு ஆறு" என்னும் எழுத்துக்காக மாதந்தோறும் கூடிய வாடகை இறுப்போர் நம்மிடையே உளர். கலியாணப் பத்திரிகையில் அது அழகாகத்தான் இருக்கும்!

வீட்டைத் தெரிவு செய்யுங்கால் நாம் முதலிற் கேட்கவேண்டியது, அது யாருக்காக என்பதே. பெரும்பாலான இல்லங்களில் உழைப்பவரின் கந்தோரை நடுவே வைத்துக்கொண்டு வட்டம் வரைகின்றோம். அவரோ காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு இரவு ஏழு மணிக்குத் திரும்புபவர். பகல் வெளிச்சத்தில் அயலைக் காண்பது ஞாயிற்றுக்கிழமையில் மாத்திரமே. மனைவியும் உத்தியோகம் பார்ப்பவராயின் அவர் நிலையும் அதுவே. பகல் முழுதும் அந்த அயலில் வாழப்போகின்றவர்கள் பாட்டனும் பாட்டியும், பாடசாலையிலிருந்து பிற்பகலில் திரும்பும் பிள்ளைகளுமாவர். அயலில் மிகக் குறைந்த நேரத்தைக் கழிப்பவர் அயலைத் தெரிவு செய்கின்றார்; மிகக் கூடிய நேரத்தைக் கழிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பார் இல்லை.

ஊரில் அம்முதியவரின் நாள் எப்படி அமைந்திருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். விடியலிற் கிணற்றடி, பின்னர்க் கோயில், சந்தியில் வாசிகசாலை, மாலையிற் படலையடியில் நின்று இரண்டு பேச்சு. அனைத்தும் கால்நடையிலோ துவிச்சக்கர வண்டியிலோ முடியும் காரியங்கள். அவரைக் கொண்டுவந்து ஒரு தொடர்மாடியின் ஏழாம் மாடியில் இருத்திவிட்டு, "அப்பாவுக்கு இங்கே எல்லா வசதியும் உண்டு" என்கின்றோம். வசதி உண்டுதான், நாள்தான் இல்லை. ஆதலால் வீடு பார்க்கச் செல்பவர் தம் வீட்டிலுள்ள மிக முதியவரையும் மிக இளையவரையும் மனத்திற் கொண்டு, வாயிலிலிருந்து கால்மணி நேரம் மெதுவாக நடந்து பார்த்தல் வேண்டும். அந்நடைக்குள் கோயிலோ தேவாலயமோ, மரக்கறி வாங்க ஓரிடமோ, மருந்துச்சாலையோ, உட்கார்ந்து பத்திரிகை வாசிக்க ஒரு மூலையோ அகப்படுகின்றதா? அவற்றை அடையக் காலி வீதியைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கின்றதா? இக்கடைசிக் கேள்வியைச் சிறிதென்று எண்ணற்க. நகரைக் குறுக்கறுத்துச் செல்லும் அவ்வீதியின் ஓயாத வாகன ஓட்டம், எழுபது வயதினருக்கு ஆற்றைப் போன்றது. கடற்பக்கத்து ஒழுங்கையில் வீடும் மறுபக்கத்திற் கோயிலுமாக அமைந்தால், ஆறு மாதத்திற் கோயிற் பழக்கம் வெள்ளிக்கிழமைக்குச் சுருங்கும். ஓராண்டில் திருவிழாவுக்குச் சுருங்கும்.

இந்நோக்கிற் பார்த்தால் வெள்ளவத்தையின் சிறப்பு அதன் இலக்கத்தில் இல்லை. இராமகிருஷ்ண மிஷன், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும், உருத்திரா மாவத்தையிலுள்ள சைவ மங்கையர் வித்தியாலயம், சந்தை, புகையிரத நிலையம் என்பன நடக்கும் தூரத்தில் நெருங்கியமைந்திருப்பதே அதன் சிறப்பு. யாழ்ப்பாணம் செல்லும் இரவுப் பேருந்துகளையும் அங்கேயே பிடிக்கலாம். குறைகளும் அந்நெருக்கத்திலிருந்தே பிறக்கின்றன. ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் இன்று பல மாடிகள் எழுந்து நிற்கின்றன. ஒழுங்கையின் அகலமோ முன்னிருந்ததுதான். கடலோரத்து வீடுகளில் உப்புக்காற்று யன்னற் கம்பியையும் குளிர்சாதனப் பெட்டியையும் விரைவில் அரித்துவிடும். முன்னர் நூல், நெசவு ஆலை நின்ற இடத்தில் இன்று ஹவ்லொக் சிட்டி மாடங்கள் நிற்பதைப் பார்ப்பவர், அவ்வாலையில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர் பலரும் இப்பகுதியின் பழைய குடிகளே என்பதையும் நினைவிற் கொள்ளலாம். வெள்ளவத்தை யாழ்ப்பாணத்தாரால் மட்டும் உண்டானதன்று.

மாடியைப் பற்றிப் பேசும்போது 2022 ஆம் ஆண்டை மறத்தலாகாது. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. மின்பிறப்பாக்கி இல்லாத தொடர்மாடிகளில் மின்தூக்கி நின்றது. நீரை மேலேற்றும் இயந்திரமும் நின்றது. கிணற்றை நம்பி வாழ்ந்த நமக்கு, குழாயில் நீர் வருவது களனி கங்கையையும் இலபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களையும் பொறுத்தது என்பதே புதிய செய்தி. அந்நீர் ஏழாம் மாடிக்கு ஏறுவது மின்சாரத்தைப் பொறுத்தது என்பது இரண்டாவது செய்தி. முழங்கால் வலியுள்ள தாயாருடன் செல்பவர், அழகிய கடற்காட்சியைச் சற்றே விட்டுக்கொடுத்து முதலாம் அல்லது இரண்டாம் மாடியைக் கேட்பது உத்தமம்.

வடகொழும்பை நம்மவர் வீணே ஒதுக்குகின்றனர். கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் வெள்ளவத்தைக்கு முற்பட்ட தமிழ்க் குடியிருப்புகள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் அங்குள்ளது. புனித அந்தோனியார் ஆலயமும், விவேகானந்தக் கல்லூரியும், சிறிது தூரத்திற் செட்டியார் தெருவின் நகைக்கடைகளும் உள்ளன. சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தெருவில் வாழும் பழக்கம் அங்கே இன்னும் உண்டு. 2019 ஏப்ரில் 21 இல் அந்தோனியார் ஆலயத்திற் குண்டு வெடித்தபோது உயிரிழந்தோருக்காக எல்லாச் சமயத்தவரும் அழுதனர். வாடகையும் தென்பகுதியை விடப் பெரும்பாலும் குறைவு. துறைமுகப் பாரவண்டிகளின் இரைச்சலையும் வீதி நெருக்கத்தையும் பொறுத்துக்கொள்ளக்கூடியவர்க்கு அது தக்க இடம். இன்னும் சற்று விரிந்த காணி வேண்டுவோர் களனி கங்கையைக் கடந்து வத்தளை, ஹெந்தளைப் பக்கம் செல்கின்றனர். 2021 நவம்பரிற் புதிய களனிப் பாலம் திறக்கப்பட்டபின் அவ்வழி முன்னரிலும் இலகுவாயிற்று.

இனி, "நம்மவர் இருக்கின்றார்களா?" என்னும் அக்கேள்விக்கு வருவோம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளை அனுபவித்த ஒரு சமூகம் அப்படிக் கேட்பதை எவரும் நகைக்கவியலாது. போர்க்காலத்திற் பொலிஸ் நிலையத்தில் வீட்டாரின் பெயரைப் பதிந்து அப்பத்திரத்தைக் கையில் வைத்திருந்தோம். 2007 ஜூன் 7 ஆம் நாள், விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. கூட்டமாய் வாழ்வதில் ஆறுதல் உண்டு. எனினும் அதனைக் காப்பென்று கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. 1983 ஜூலையில் தமிழர் செறிந்த வெள்ளவத்தையிலேயே நம்மவர் கடைகளும் இல்லங்களும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் இரத்மலானை விமான நிலையமும் அகதிமுகாம்களாயின. பல்லாயிரவர் கப்பலேறிக் காங்கேசன்துறை சேர்ந்தனர். அந்நாட்களிற் பலர் உயிர் தப்பியது மதிலுக்கு அப்பால் வாழ்ந்த சிங்கள அயலவர் தம் வீட்டில் மறைத்து வைத்தமையால். ஆகவே நம்மவர் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு, அடுத்த வீட்டார் நம் பெயரை அறிவார்களா, நாம் அவர் மொழியில் நாலு வார்த்தை பேசுவோமா என்பதையும் எண்ணவேண்டும். பத்தாண்டு வாழ்ந்தும் எதிர்வீட்டாரின் பெயரறியாத குடும்பங்கள் தமிழர் நிறைந்த தொடர்மாடிகளிலும் உண்டு.

விடுகைப் பத்திரம் பெறக் கல்லூரிக்கு வரும் பெற்றோர் "சேர், எந்தப் பக்கம் எடுத்தால் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும்?" என்று என்னிடம் கேட்பதுண்டு. வளர்ந்த பிள்ளைக்கு வேறு; முதலாந் தரத்திற் சேரவுள்ள பிள்ளைக்கு வேறு. அரசாங்கப் பாடசாலைகளின் முதலாந் தர அனுமதியில் நூற்றுக்கு ஐம்பது இடங்கள் அண்மையில் வதிவோருக்கு உரியவை. வதிவதாகச் சொன்னாற் போதாது. பெற்றோரின் பெயர்கள் முந்திய ஐந்தாண்டு வாக்காளர் இடாப்புகளில் அம்முகவரியில் இருத்தல் வேண்டும். காணி உறுதி உடையவர்க்குப் புள்ளி கூடுதல்; வாடகை ஒப்பந்தத்துக்குக் குறைவு. நாம் விரும்பும் பாடசாலையைவிட நம் வீட்டுக்கு அண்மையில் வேறு பாடசாலைகள் இருப்பின், ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். பிள்ளைக்கு நான்கு வயதானபின் வீடு தேடுவோர் இதனை அறிந்து திகைக்கின்றனர். இரண்டு வயதில் யாரும் இதனைச் சொல்வதில்லை. புதிய இடத்திற் குடிபுகுந்தவுடன் கிராம அலுவலரைக் கண்டு வாக்காளர் இடாப்பிற் பெயரைச் சேர்த்துக்கொள்ளுதல் முதற் காரியமாகட்டும். ஊரிற் பெயர் இருக்கட்டும் என்று விட்டுவைப்போர், வாக்கையும் இழந்து புள்ளியையும் இழக்கின்றனர்.

தனியே வந்து அறையெடுக்கும் மாணவர்க்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஒரே பேருந்தில் விரிவுரைக்குச் செல்லக்கூடிய இடம், இரவில் விளக்கெரியும் ஒழுங்கை, படிக்க நூலகம், வயிற்றுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை என்பன இருந்தாற் போதும். ஓரறையில் எத்தனை பேர் என்பதை மட்டும் பணம் கொடுக்குமுன் கேட்டுக்கொள்க.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இவ்விடயத்தை விடவியலாது. யாழ்ப்பாணத்து மழையைப் போல ஏறத்தாழ இருமடங்கு கொழும்பிற் பெய்கின்றது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் அது மிகும். தாழ்ந்த நிலமும் பழைய வடிகாலும் அதனைத் தாங்குவதில்லை. களனி கங்கையின் வெள்ள மட்டத்தை நாகலகம் வீதியிலுள்ள அளவுகோலிற் பார்க்கின்றனர். 2016 மே மாதத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. அப்பக்கத்து மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரில் 14 இல், புத்தாண்டு நாளன்று, குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடி உயிர்களைக் கொண்டது. மலிந்த வாடகைக்குக் காரணம் சில வேளை இவ்வாறு நிலத்தில் எழுதப்பட்டிருக்கும். தரகர் வீட்டை வெயிலடிக்கும் காலை பத்து மணிக்கே காட்டுவார். அதனைக் காலை ஏழு மணிக்கு ஒருமுறையும், மின்விளக்கு ஏற்றியபின் ஒருமுறையும், பெருமழை பெய்து விட்ட அரைமணி நேரத்தில் ஒருமுறையும் தாமே சென்று பார்த்தல் வேண்டும். சுவரின் அடியில் ஒரு முழ உயரத்திற் புதுவண்ணம் மட்டும் பூசியிருந்தால், ஏனென்று வீட்டுக்காரரைக் கேளாது எதிர்க்கடைக்காரரைக் கேட்க.

பாடசாலை ஆண்டு வழக்கமாக ஜனவரியிலேயே தொடங்குகின்றது. அது நமக்கு மார்கழி. மார்கழியிற் புதுமனை புகுதல் வழக்கமன்று. ஆதலின் ஐப்பசி, கார்த்திகையில் வீடு மாறுவதே பலருக்கும் அமைகின்றது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் எங்கே மழை பிடிக்குமென்று சொல்லமுடியாது. லொறிக்காரரிடம் தார்ப்பாய் உண்டா, கிழிசல் இல்லையா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்க. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் விடுகைப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை லொறியில் ஏற்றாது, யாரேனும் ஒருவர் கைப்பையில் வைத்துக்கொண்டு புகையிரதத்திற் செல்வது நன்று.