மோட்டாருக்கு முன் ஃபிரேமைப் பாருங்கள்

பெங்களூரின் தென்கோடியில் உள்ள எலெக்ட்ரானிக் சிட்டியில், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நான்கைந்து கிலோமீட்டரே தூரம் என்றிருப்பவர்களுக்கு, சும்மா கிடக்கும் சைக்கிளில் மோட்டார் கிட் பூட்டிக்கொள்வது நல்ல யோசனைதான். ஓசூர் சாலை நெரிசலில் வேர்க்காமல் வேலைக்குப் போகலாம். ஆனால் வாட் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு தூரம் வரும் என்றெல்லாம் விசாரிக்கிற நாம், அத்தனையையும் தாங்கப்போகும் ஃபிரேமைப் பற்றிக் கேட்பதே இல்லை.

கிட்களில் பரவலாகக் கிடைப்பது ஹப் மோட்டார். சாதாரணச் சக்கரத்தில் அச்சு அசையாமல் நிற்கும். ஹப் மட்டும் பேரிங்கில் சுற்றும். அச்சைத் திருகும் விசை எதுவும் இல்லை. ஹப் மோட்டாரில் கதை வேறு. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது, அதே முறுக்குவிசை அச்சைப் பின்னோக்கித் திருகும். அப்படிச் சுற்றிவிடாமல் இருக்கத்தான் அச்சின் இரு பக்கத்தையும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். வழக்கமாக அச்சின் குறுக்களவு 12 மில்லிமீட்டர். தட்டைகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர்.

மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைத் தடுத்துப் பிடிக்கும் தட்டைப் பரப்பின் அகலம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. நட் தளர்ந்துவிட்டால், அச்சு உட்காரும் பிளவின் உதடுகளில் 4,000 நியூட்டனுக்கும் மேல், அதாவது 400 கிலோ எடைக்கும் அதிகமான அழுத்தம் இறங்கும். பொருந்தாத நட் ஸ்பேனரின் வாயை விரிப்பதுபோல அச்சு அந்தப் பிளவை விரிக்கும். பிறகு அச்சு சுழன்று, மோட்டார் ஒயர்களை முறுக்கி அறுத்துவிடும். முன்சக்கர மோட்டாராக இருந்தால் சக்கரமே கழன்று விழக்கூடும்.

எஃகு பெரும்பாலும் முதலில் வளையும். நமக்கு எச்சரிக்கை கிடைக்கும். அலுமினியம் அப்படியல்ல. ஒவ்வொரு கிளம்பலிலும் சிறு விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒரு நாள் சட்டென்று முறியும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் அடிக்கால்கள் அலுமினிய அல்லது மக்னீசிய வார்ப்பு. அங்கே மோட்டார் வேண்டவே வேண்டாம். பேட்டரியை மாட்டுவதற்காக ஃபிரேம் குழாயில் துளை போடுவதும் ஆபத்து. துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்குவரை ஏறும்.

அச்சு சுழல்வதற்கு மருந்து எளியது: டார்க் ஆர்ம் எனும் எஃகுத் தகடு. ஒரு முனை அச்சின் தட்டையைக் கவ்வும். மறு முனையை ஃபிரேமோடு பிணைக்க வேண்டும். பிணைப்பு அச்சிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அங்கே தாங்க வேண்டியது 40 கிலோ எடை அளவே. மோட்டாரால் பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் விசை முன்னும் பின்னும் மாறி மாறி வந்து நட்டைத் தளர்த்தும். அப்போது இரு பக்கமும் தகடு போடுவது நல்லது.

பூட்டிய பிறகு, நட்டிலிருந்து ஃபிரேம்வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகினால் நட் நகர்ந்திருக்கிறது. பிளவைச் சுற்றியும் வெல்டிங் ஓரங்களிலும் பெயிண்டில் மயிரிழைக் கீறல் தெரிந்தால், அதன்மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் வண்டியை எடுக்காதீர்கள்.

பதிவு தேவைப்படாத மின்சைக்கிளுக்கு நம் விதிகள் வைத்திருக்கும் எல்லை 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர். வேகம் 15-லிருந்து 30 ஆனால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதை அடக்க வேண்டியது அதே பிரேக்தான். பெரிய மோட்டாருக்கு ஆசைப்படுவதைவிட, நல்ல எஃகு ஃபிரேமில் சிறிய மோட்டாரை ஒழுங்காகப் பூட்டுவதே புத்திசாலித்தனம்.