மண்ணுக்குள் ஓடு புதைத்தார்!

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்று ஓர் ஊர். 1838-ம் ஆண்டு ஜான் ஜான்ஸ்டன் என்ற விவசாயி தன் வயலில் பள்ளம் வெட்டி, சுட்ட மண் ஓடுகளைப் புதைத்தார்.

ஊரார் சிரித்தார்கள். சட்டி பானையைப் புதைக்கிறார் என்று கேலி பேசினார்கள்.

ஜான்ஸ்டன் ஸ்காட்லாந்துக்காரர். 1821-ல் அமெரிக்காவில் குடியேறியவர். அவர் வாங்கியது களிமண் நிலம். மழைநீர் வடியாது. கோதுமை தேறவில்லை.

வேருக்கும் மூச்சு

தண்ணீர் பயிருக்கு நல்லதுதானே? ஆனால், தேங்கக்கூடாது. வேருக்கும் காற்று வேண்டும். மண்ணில் உள்ள சிறு இடைவெளிகளில் எல்லாம் நீர் நிறைந்துவிட்டால், வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

ஸ்காட்லாந்தில் நிலத்தடியில் ஓடு பதித்து நீரை வடிப்பது வழக்கம். ஜான்ஸ்டன் அங்கிருந்து மாதிரி ஓடுகளை வரவழைத்தார். அதைப் பார்த்து உள்ளூரில் 3,000 ஓடுகள் செய்யச் சொன்னார்.

அவை குதிரை லாடம்போல் வளைந்தவை. வரிசையாகப் பதித்ததும், இடுக்குகள் வழியே நீர் உள்ளே கசிந்தது. சரிவில் ஓடி வெளியேறியது. மண் பொலபொலவென்று ஆயிற்று.

72 மைல்!

கோதுமை பல மடங்கு விளைந்தது. ஜான்ஸ்டன் விடவில்லை. அவர் பதித்த ஓடுகளின் மொத்த நீளம் 72 மைல்! பிற விவசாயிகளும் அவர் வழியைப் பின்பற்றினார்கள்.

அவர் வாழ்ந்த வீடு இப்போது கண்காட்சிசாலை. அன்று ஊர் சிரித்த ஓடுகள்தான் அங்கே காட்சிப் பொருள்!