சிலைக்குச் சிகிச்சை, சபை நடுவே

ஏதென்ஸ் நகரின் அக்ரோபோலிஸ் குன்றில் எரெக்தியான் என்றொரு கோயில் இருக்கிறது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. அதன் தெற்கு முகமண்டபத்தில் தூண்கள் நிற்க வேண்டிய இடத்தில் ஆறு பளிங்குப் பெண்கள் கூரையைத் தலையில் தாங்கி நின்றார்கள். காரியாடிட்கள் என்பது அவர்களுக்கு வழங்கும் பெயர். இன்று அங்கே நிற்பவை நகல்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு போன ஒருத்தி லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறாள். மற்ற ஐவரையும் 1979-இல் குன்றின் மண்டபத்திலிருந்து இறக்கி அப்போதைய அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தார்கள்.

நகரத்துக் காற்றுதான் காரணம். வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் உள்ள கந்தக டை ஆக்சைடு, ஈரத்தோடு சேர்ந்து பளிங்கின் மேற்பரப்பை ஜிப்சமாக மாற்றிவிடும். மழை படும் இடத்தில் அந்த ஜிப்சம் கரைந்து, செதுக்கிய நுணுக்கமும் அதோடு போகும். மழை படாத மடிப்புகளில் கரித்தூளைப் பிடித்துவைத்துக் கறுப்புப் பொருக்காக இறுகும். சுரண்டி எடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. சிற்பியின் உளித்தடம் பல இடங்களில் அந்த ஜிப்சப் படலத்தில்தான் எஞ்சியிருக்கிறது. அழுக்கைச் சுரண்டினால் முகமும் சேர்ந்து வந்துவிடும்.

அதனால் லேசரைக் கையில் எடுத்தார்கள். கறுப்புப் பொருக்கு அந்த ஒளியை உறிஞ்சி உதிர்கிறது. அடியிலுள்ள வெளிர்நிறக் கல் அவ்வளவாக உறிஞ்சுவதில்லை. அகச்சிவப்புக் கதிரை மட்டும் பாய்ச்சினால் கல்லில் மஞ்சள் சாயல் தங்கிவிடுகிறது என்பதால், கிரீட் தீவின் ஆய்வாளர்கள் புற ஊதாக் கதிரையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பாய்ச்சும் கருவியை உருவாக்கினார்கள்.

இந்த வேலை நடந்த இடத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 2009-இல் திறந்த புதிய அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில், மக்கள் நடமாடும் கூடத்திலேயே, 2010 இறுதியில் பணி தொடங்கியது. சிலைகளை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் செல்லவில்லை. லேசர் கண்ணைப் பாதிக்கும் என்பதால் வேலை நடந்த மேடையைச் சுற்றித் திரை கட்டினார்கள். உள்ளே நடப்பதை வெளியே காணொளித் திரையில் காட்டினார்கள். பொருக்கு அங்குலம் அங்குலமாக உதிர்வதைப் பள்ளிப் பிள்ளைகளாலும் பார்க்க முடிந்தது. 2014-க்குள், கோயிலில் நின்ற காலத்தில் எளிதில் பார்க்க முடியாத முதுகுப்புறப் பின்னல்கள் துலங்கின. அந்தத் தடித்த பின்னல்கள் வெறும் அழகுக்கு வைத்தவை அல்ல. கூரையின் பாரம் இறங்கும் மெல்லிய கழுத்துக்கு அவைதான் முட்டுக் கொடுத்தன.

மூடிய கதவுக்குள் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 1930-களின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதே குன்றின் பார்த்தெனான் கோயில் சிற்பங்கள் சிலவற்றை, வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டும் என்பதற்காக, செப்புக் கருவிகளாலும் தேய்ப்புக் கற்களாலும் உரசித் தேய்த்தார்கள். பல நூற்றாண்டுகளாகப் படிந்திருந்த மேற்படலம் போயிற்று. அதன் முழு விவரம் வெளியே தெரிய 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேய்த்த கல் திரும்பி வளராது. பழஞ்சிலையைத் தொடும் எந்த அருங்காட்சியகமும் அந்த வேலையை மக்கள் பார்க்கச் செய்ய வேண்டும். நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.