வீட்டை விற்கலாமா?

வாணிபம் நொடித்து வரவு நின்றதும், "வீட்டை விற்றுவிடலாமா?" என்ற கேள்வி இல்லத்தில் எழுகின்றது. சகோதரர்களே, விலை பேசுமுன் அவ்வீடு யாருடையது என்று பாருங்கள். தந்தை விட்டுச் சென்றதாயின், உடன்பிறந்தாள்களுக்கும் அதில் பங்குண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு வழங்குவது வழக்கம். அவ்வாறு வழங்கப்பட்ட வீடு மனைவியின் உடைமை. அவள் மனமொப்பாமல் அதனை விற்கக் கணவருக்கு உரிமையில்லை.

வீடு உங்களுடையதேயாயின், கடன் கொடுத்தவரிடம் உண்மை நிலையைக் கூறித் தவணை கேளுங்கள். இடருற்ற கடனாளிக்கு அவகாசம் அளிக்கும்படி திருமறை (2:280) பணிக்கின்றது. குடியிருக்கும் வீட்டைக் கடனுக்காக விற்றேயாக வேண்டுமா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு; ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். ஊரார் பேச்சுக்கு அஞ்சி வீட்டை வட்டிக்கு அடகு வைத்துவிடாதீர்கள். வேறு வழியில்லையெனில், குடும்பத்தாருடன் கலந்து, இஸ்திகாரா தொழுது, விற்றுவிடுங்கள்.

அதில் இழிவொன்றுமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மக்கா திரும்பிய வேளையில், எங்கே தங்குவீர்கள் என்று உஸாமா (ரலி) வினவினார்கள். அகீல் நமக்கு வீடு எதனையும் விட்டுவைத்தாரா என்பதே நாயகத்தின் மறுமொழி. பிறந்த ஊரில் சொந்த வீடில்லாததால் அவர்களின் மாண்பு குன்றியதா?

அல்லாஹ் நம் கடன்களை எளிதாக்கி, நல்ல முடிவைத் தருவானாக! ஆமீன்.